கீஸ் பெண்ட் குவில்ட்டுகள்: ஒரு விமர்சனப் பார்வை

கீஸ் பெண்ட் குவில்ட்டுகள், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள். பழைய வேலை உடைகள், மாவுச் சாக்குகள், தொழிற்சாலைத் துண்டுத்துணிகள் ஆகியவற்றைக் கொண்டு குளிருக்காகத் தைக்கப்பட்டவை. 2002-க்குப் பின் அமெரிக்க நவீனக் கலையின் முக்கியமான சாதனைகளுள் ஒன்றாக இவை ஏற்கப்பட்டன. இந்த ஏற்பு ஒரு விவாதத்தையும் உருவாக்கியது. இந்தப் போர்வைகளை அரூப ஓவியங்களாகப் பார்ப்பதா, ஏழ்மையின் ஆவணங்களாகப் பார்ப்பதா என்பது அந்த விவாதம். இரண்டு பார்வைகளும் தையல்காரியின் தேர்வைக் கணக்கில் கொள்ளத் தவறுகின்றன.

ஊரும் வரலாறும்

கீஸ் பெண்ட் அலபாமா ஆற்றின் பெரிய வளைவு ஒன்றினுள் அமைந்த ஊர். மூன்று பக்கமும் ஆறு சூழ்ந்தது. அதிகாரபூர்வப் பெயர் பாய்கின். 1816-ல் ஜோசப் கீ என்பவர் இங்கே பருத்தித் தோட்டம் அமைத்தார். 1845-ல் தோட்டம் மார்க் பெட்வே என்பவரின் கைக்கு வந்தது. அவர் வட கரோலினாவிலிருந்து சுமார் நூறு அடிமைகளை நடக்கவைத்து இங்கே கொண்டுவந்தார். அடிமை முறை ஒழிந்த பிறகு அவர்களில் பலர் அதே நிலத்தில் வாரக்குடிகளாக உழைத்தனர். உரிமையாளரின் பெயரே குடும்பப் பெயராக நிலைத்தது. இன்று கீஸ் பெண்ட் கலைஞர்களில் பலருடைய பெயர் பெட்வே என முடிவது இதனால்தான். அவர்கள் அனைவரும் நெருங்கிய உறவினர்கள் அல்ல.

1932-ல் ஊராருக்குக் கடன் கொடுத்துவந்த வணிகர் இறந்தபோது, கடனுக்கு ஈடாகக் கால்நடைகள், கருவிகள், தானியம் அனைத்தும் குடும்பங்களிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டன. அந்தக் குளிர்காலத்தில் ஊர் பட்டினியை எதிர்கொண்டது. பின்னர் அமெரிக்க அரசு நிலத்தை வாங்கி, புதிய வீடுகள் கட்டி, குறைந்த வட்டிக் கடனில் குடும்பங்களுக்கு விற்றது. அமெரிக்கத் தெற்கின் பல கறுப்பின வாரக்குடிகளுக்குக் கிடைக்காத நில உரிமை கீஸ் பெண்ட் மக்களுக்குக் கிடைத்தது. ஊர் கலையாமல் நிலைத்ததற்கும், தையல் மரபு தாயிடமிருந்து மகளுக்குத் தொடர்ந்து கைமாறியதற்கும் இது முக்கியமான காரணம்.

1960-களில் ஊர் மக்கள் வாக்குரிமைக்காகப் பதிவு செய்ய முயன்றனர். 1962-ல், ஆற்றுக்கு அப்பால் இருந்த மாவட்டத் தலைநகரான கேம்டனுக்குச் செல்லும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஆற்றைக் கடந்தால் வந்துவிடும் ஊருக்குச் சாலை வழியாகச் சுமார் ஒரு மணி நேரம் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. படகு மீண்டும் ஓடத் தொடங்கியது 2006-ல்தான்.

குவில்ட்டின் அமைப்பு

குவில்ட் மூன்று அடுக்குகள் கொண்டது. மேலே துண்டுத்துணிகளை இணைத்துச் செய்த மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவிச் செல்லும் ஓடுதையலே அதைப் போர்வையாக்குகிறது. பழந்துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. வங்காளத்தின் காந்தா அதற்கு எடுத்துக்காட்டு. அந்தப் பெயருக்கும் தமிழில் வழங்கும் கந்தை என்னும் சொல்லுக்கும் மூலம் ஒன்றே.

கீஸ் பெண்டில் மேல்துணிக்குப் பழைய சட்டைகளும் கால்சட்டைகளும் பயன்பட்டன. மாவு, விதை, உரம் வந்த சாக்குத்துணிகள் அடித்துணியாயின. பஞ்சு அரவை ஆலையின் தரையில் சிதறிக் கிடந்த கழிவுப் பஞ்சைக் கூட்டியெடுத்து, கோலால் அடித்துத் தூசி நீக்கி நடுவே பரப்பினர்.

மேல்துணியைப் பெரும்பாலும் ஒரு பெண் தன் வீட்டில் தனியாக இணைத்தாள். மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும் வேலையைப் பல பெண்கள் சட்டத்தைச் சுற்றி அமர்ந்து, பக்திப் பாடல்கள் பாடியபடி செய்தனர். ஆகவே ஒரு குவில்ட்டில் வடிவத் தீர்மானம் ஒருத்தியுடையது, உழைப்பு பலருடையது. தனிப் படைப்பாளி, கூட்டுக்கலை என்னும் வழக்கமான பிரிவினைக்குள் இது எளிதில் அடங்காது.

வடிவங்களில் முதன்மையானது 'ஹவுஸ்டாப்'. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிப் பட்டைகள், அவற்றைச் சுற்றி மேலும் பட்டைகள் என விரிவது. 'லேசி கேல்' என்பது நீண்ட பட்டைகளை அருகருகே இணைப்பது. சோம்பேறிப் பெண் என்று பொருள்படும் இப்பெயர் விரைவாகத் தைத்துவிடலாம் என்பதால் வந்தது. எந்த முறைக்கும் கட்டுப்படாமல் தைப்பதை ஊர்ப் பெண்கள் 'என் வழி' என்று பொருள்படும் தொடரால் குறிப்பிட்டனர்.

மூன்று படைப்புகள்

மிசூரி பெட்வே 1942-ல் தைத்த குவில்ட் இம்மரபின் மிகவும் அறியப்பட்ட படைப்புகளுள் ஒன்று. கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடைகளைக் கிழித்து அவர் இதைத் தைத்தார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளவும், அந்த அன்பைப் போர்த்திக்கொள்ளவும் தாய் அதைத் தைத்ததாக மகள் ஆர்லோன்சியா பெட்வே பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆர்லோன்சியாவும் குவில்ட் கலைஞரே. இதில் கட்டங்களும் பட்டைகளும் தவிர வேறு உருவம் இல்லை. இறந்தவரின் முகம், பெயர், தேதி எதுவும் இல்லை. வெயிலிலும் சலவையிலும் வெளுத்த துணியே அவரைப் பற்றிய செய்தி. பல ஆண்டு வயல் உழைப்பு அந்தத் துணியின் நிறத்தை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது.

ஆனி மே யங் 1976-ல் தைத்த குவில்ட்டில் நடுவே சிவப்பு, மஞ்சள் முதலிய நிறங்கள் கொண்ட கார்டுராய்ப் பட்டைகள் அடுக்கப்பட்டுள்ளன. சுற்றிலும் வெளுத்த டெனிம் துணி. நடுப்பகுதி எரிவது போலவும் சுற்றுப்பகுதி அடங்குவது போலவும் தோன்றுகிறது. புதிய துணியை நடுவிலும் உழைத்த துணியை விளிம்பிலும் வைத்ததனால் இந்த விளைவு கிடைக்கிறது. எல்லாத் துணியும் ஒரே அளவு புதியதாக இருந்திருந்தால் இந்த ஆழம் வந்திருக்காது. ஒரு விறகுக் குவியலின் மேல் விரிக்கப்பட்ட ஆனி மே யங்கின் குவில்ட் ஒன்றின் புகைப்படம்தான் 1990-களின் பிற்பகுதியில் கலைச் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட்டை இந்த ஊருக்கு வரவைத்தது.

லொரெட்டா பெட்வேயின் குவில்ட்டுகளில் நீண்ட பட்டைகள் கொண்டவை குறிப்பிடத்தக்கவை. குறைந்த நிறங்கள், பெரிய துண்டுகள், சற்றே சாயும் கோடுகள். தைப்பது தனக்குப் பிடித்த வேலை அல்ல என்றும், வீடு குளிர்ந்ததாலும் பிள்ளைகளுக்குப் போர்வை வேண்டியிருந்ததாலும் தைத்ததாகவும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். படைப்பு மகிழ்ச்சியிலிருந்தே பிறக்கிறது என்னும் பரவலான நம்பிக்கைக்கு இவரது படைப்புகள் எதிர்ச்சான்று. விருப்பமின்றித் தொடங்கிய வேலையிலும் எந்தப் பட்டையை எதற்கு அருகில் வைப்பது என்னும் தீர்மானம் கூர்மையாகவே இருக்கிறது.

அருங்காட்சியகத்தின் ஏற்பு

குவில்ட்டைக் கலைக்கூடச் சுவரில் ஏற்றிய முக்கியமான நிகழ்வு 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் நடந்தது. ஜொனாதன் ஹோல்ஸ்டைன், கெயில் வான் டெர் ஹூஃப் ஆகியோரின் சேகரிப்பிலிருந்த அமெரிக்கக் குவில்ட்டுகள் அங்கே அரூப வடிவமைப்புகளாகக் காட்சிப்படுத்தப்பட்டன. கண்காட்சி பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் அங்கே பேசப்பட்டவை வடிவமும் நிறமும்தான், தைத்த பெண்கள் அல்ல. 1973-ல் பெண்ணியக் கலை விமர்சகரான பட்ரீசியா மைனார்டி இதை எதிர்த்து எழுதினார். பெண்கள் தங்களுக்கெனத் தாங்களே வளர்த்தெடுத்த கலையை, ஆண் ஓவியர்களின் அளவுகோலுக்குப் பொருந்துவதனால் மட்டும் பாராட்டுவதை அவர் கண்டித்தார்.

2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கீஸ் பெண்ட் குவில்ட்டுகளின் கண்காட்சி தொடங்கியது. சுமார் 70 படைப்புகள் இடம்பெற்றன. அதே ஆண்டின் இறுதியில் அது விட்னிக்கு வந்தது. இம்முறை ஒவ்வொரு குவில்ட்டின் அருகிலும் தைத்தவரின் பெயர் இருந்தது. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் மைக்கேல் கிம்மெல்மன் இவற்றை மத்தீஸ், கிளே ஆகிய ஓவியர்களின் பெயர்களோடு சேர்த்துப் பேசினார். 2006-ல் அமெரிக்க அஞ்சல்துறை பத்து குவில்ட்டுகளைத் தபால்தலைகளாக வெளியிட்டது. பின்னர் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், வாஷிங்டனின் தேசிய கலைக்கூடம் முதலியவை இவற்றைத் தம் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டன.

ஓவியம் என்னும் ஒப்பீடு

மத்தீஸ், கிளே ஒப்பீட்டில் ஓர் உண்மை உள்ளது. நிறங்களை எதிரெதிரே நிறுத்துவதிலும், ஒழுங்கை நிறுவி உடனே அதைக் குலைப்பதிலும் இந்தப் பெண்கள் எந்த நவீன ஓவியருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஒப்பீடு இவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்தது என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் ஒப்பீடு ஒரு முக்கியமான வேறுபாட்டை மறைக்கிறது. ஓவியர் வெற்றுத் திரையிலிருந்து தொடங்குகிறார், நிறத்தைக் கலந்து உருவாக்குகிறார். கீஸ் பெண்ட் பெண் தொடங்கும்போதே நிறம் முடிவாகியிருக்கிறது. துண்டின் அளவு கால்சட்டையின் காலால் முடிவாகியிருக்கிறது. சட்டைப்பை பிரித்த இடம் வெளுக்காமல் கருநீலமாகவே நிற்கிறது. முழங்கால் தேய்ந்திருக்கிறது. இவையெல்லாம் அவள் உருவாக்கியவை அல்ல, அவளுக்கு வந்துசேர்ந்தவை. அந்தக் கருநீலச் சதுரத்தை நடுவில் வைப்பதா, ஓரத்துக்குத் தள்ளுவதா, வெட்டி எறிவதா என்பதே அவளுடைய கலைச்செயல்.

சுவரில் மாட்டுவதே பிழை என்று சிலர் வாதிடுவதும் முழுச் சரியல்ல. கீஸ் பெண்டில் குவில்ட்டுகளைத் துணிக்கொடியில் வெயிலுக்கு விரித்துக் காயவைக்கும் வழக்கம் உண்டு. பெண்கள் வழியில் போகும்போது பிறர் வீட்டுக் கொடியில் தொங்கும் குவில்ட்டைப் பார்த்து, வடிவத்தை மனதில் கொண்டு, வீட்டுக்கு வந்து தம் வழியில் மாற்றித் தைத்தனர். இன்று ஊரில் நடைபெறும் குவில்ட் விழாவுக்கும் இந்த வழக்கமே பெயர் தந்துள்ளது. அருங்காட்சியகத்துக்கு வெகுகாலம் முன்பே அந்த ஊருக்குத் தனக்கான காட்சிக்கூடமும் கூர்மையான பார்வையாளர்களும் இருந்தனர்.

ஏழ்மை என்னும் விளக்கம்

இன்னொரு பார்வை இந்தக் குவில்ட்டுகளை ஏழ்மையின் விளைவாகக் காண்கிறது. நல்ல துணி இல்லாததால் கிடைத்ததைத் தைத்தார்கள், கோணலாக அமைந்தது, அது தற்செயலாக அழகாயிற்று என்பது இதன் சாரம். இது இரக்கம் போலத் தோன்றினாலும் கலைஞர்களின் திறனை மறுப்பது. இதை மறுக்க ஊரின் வரலாற்றிலேயே சான்று உள்ளது.

1966-ல் குடியுரிமை இயக்கத்தின் சூழலில் 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்னும் பெண்கள் கூட்டுறவு கீஸ் பெண்டுக்கு அருகில் உருவானது. நியூயார்க்கில் ஏலங்கள் மூலமும் பெரிய கடைகள் மூலமும் அதன் குவில்ட்டுகள் விற்றன. கடைகள் ஒரே அளவு, ஒரே வடிவம், நேரான கோடு ஆகியவற்றை எதிர்பார்த்தன. கூட்டுறவுப் பெண்கள் அவற்றை அப்படியே தைத்துக் கொடுத்தனர். 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய்த் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தமும் கிடைத்தது. உறைகள் நூறு நூறாக, ஒன்றுபோல் ஒன்று வெளிவந்தன.

மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குச் சென்றன. பொன்மஞ்சள், இலைப்பச்சை, ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்களில் 1970-களின் கீஸ் பெண்ட் குவில்ட்டுகள் திடீரென ஒளிர்வது இதனால்தான். கார்டுராய் தடிமனான துணி. சிறு துண்டுகளாக இணைத்தால் தையல் மடிப்புகள் பருத்துவிடும். ஆகவே பெண்கள் பெரிய துண்டுகளாக எடுத்தனர். அதன் வரிகளைத் திசை மாற்றி வைத்தால் ஒரே நிறம் ஒளியில் இரண்டு சாயல்களாகத் தெரியும். அதையும் பயன்படுத்திக்கொண்டனர்.

ஒரே துணி, ஒரே கைகள். பகலில் சியர்ஸுக்காகத் தைத்தது நேராக இருந்தது. வீட்டில் தமக்காகத் தைத்தது வளைந்தும் சாய்ந்தும் மாறியும் சென்றது. நேராகத் தைக்கத் தெரிந்தவர்கள் சாய்த்துத் தைத்தால் அது இயலாமை அல்ல, தேர்வு. துணியைத் தந்தது வறுமையாக இருக்கலாம். வடிவத்தைத் தந்தது அந்தப் பெண்களின் தீர்மானம்.

படைப்பூக்கம் குறித்து

குவில்ட்டைக் கலையாகவே கருதித் தைக்கும் இயக்கம் அமெரிக்காவில் 1970-களில் தனியாக வளர்ந்தது. 1979-ல் ஒஹாயோ மாநிலத்தில் தொடங்கிய 'குவில்ட் நேஷனல்' கண்காட்சி அதன் முக்கியமான மேடை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நான்சி க்ரோ முதலியோர் துணிக்குத் தாமே சாயமேற்றி, வடிவத்தைப் பயிற்சியின் மூலம் கண்டடைந்தனர். ஹார்லெமைச் சேர்ந்த ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்ட், ஆடை வடிவமைப்பாளரான தன் தாய் வில்லி போசியுடன் இணைந்து 1980-ல் தன் முதல் குவில்ட்டைச் செய்தார். பின்னர் ஓவியத்தையும் எழுத்தையும் போர்வையில் இணைத்துக் கதை சொல்லும் குவில்ட்டுகளை உருவாக்கினார்.

இவர்களோடு ஒப்பிடும்போது கீஸ் பெண்ட் மரபின் தனித்தன்மை தெளிவாகிறது. அங்கே ஊக்கம் துணிக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்படுவதில்லை. கையில் உள்ள துண்டு ஒரு கேள்வியை எழுப்புகிறது, அதற்கு அடுத்த துண்டு பதில் சொல்கிறது. வரைபடம் இல்லை. சிவப்பு தீர்ந்துவிட்டால் வேறு நிறம் வரவேண்டும், அந்த மாற்றம் முழு அமைப்பையும் மறுபரிசீலனை செய்யவைக்கும். தடை வரும் இடமே தீர்மானம் பிறக்கும் இடம்.

இன்று துணிக்கலை பயில்பவர்கள் கீஸ் பெண்டிலிருந்து கற்கும்போது ஒரு பிழை எளிதில் நேர்கிறது. சாய்ந்த கோடுகளையும் ஒழுங்கற்ற சதுரங்களையும் ஒரு பாணியாக எடுத்துக்கொண்டு, கடையில் வாங்கிய புதுத் துணியில் அளந்து வெட்டிச் சாய்த்துத் தைப்பது அது. அதில் சாய்வு இருக்கும், சாய்வதற்கான காரணம் இருக்காது. இம்மரபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முறைதான். தன் வாழ்வைக் கடந்துவந்த துணியை எடுப்பதும், அது அனுமதிப்பதையும் மறுப்பதையும் கவனிப்பதும், பார்த்ததை அப்படியே திருப்பிச் செய்யாமல் இருப்பதும் அந்த முறையின் கூறுகள். அடுத்த வீட்டுக் கொடியில் கண்டதைக் கீஸ் பெண்ட் பெண்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் அடுத்தவரின் குவில்ட்டை அப்படியே தைக்க விரும்பியதில்லை.

உரிமை

புகழுடன் பணமும் வந்தது. குவில்ட் வடிவங்கள் கம்பளங்களிலும் பிற வீட்டுப் பொருட்களிலும் இடம்பெற்றன. தைத்தவர்களுக்கு உரிய பங்கு கிடைத்ததா என்னும் கேள்வி எழுந்தது. 2007-ல் ஆனி மே யங், லொரெட்டா பெட்வே உள்ளிட்ட சிலர் நீதிமன்றம் சென்றனர். வழக்குகள் தீர்ப்பு வரை செல்லாமல் 2008-ல் முடிவுக்கு வந்தன. பின்னர் கலைஞர்களின் பதிப்புரிமையைப் பதிவுசெய்து காக்கும் ஏற்பாடுகள் நடந்தன. 2021-ல் ஊர்ப் பெண்கள் பலர் இணையத்தில் தம் பெயரிலேயே கடைகள் தொடங்கி நேரடியாக விற்கத் தொடங்கினர்.

இது கலை விமர்சனத்துக்கு வெளியே உள்ள செய்தி அல்ல. குவில்ட்டை வெறும் வடிவமாகப் பார்த்தால் அந்த வடிவத்தை யாரும் எடுத்து எதன்மீதும் அச்சிடலாம். அதை ஏழ்மையின் தற்செயலாகப் பார்த்தால் அதற்குப் படைப்பாளி என்று ஒருவரே இல்லை. இரண்டு பார்வைகளும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. அங்கே தைத்தவருக்குக் கொடுக்கவேண்டியது எதுவும் இல்லை.

மதிப்பீடு

கீஸ் பெண்ட் குவில்ட்டுகள் நவீனக் கலைக்கு இணையானவை என்பது இன்று நிறுவப்பட்ட கருத்து. இணையானவை என்பதற்காக அவை ஓவியங்கள் ஆகிவிடுவதில்லை. பழைய துணியின் தேய்மானத்தையும் நிறத்தையும் மூலப்பொருளாகவும் நினைவாகவும் ஒரே நேரத்தில் கையாண்டது இம்மரபின் தனிச் சாதனை. மிசூரி பெட்வேயின் போர்வையில் வெளுத்த நீலம் ஒரு நிறம், இறந்த ஒருவரின் உழைப்பும்கூட. இந்த இரண்டையும் பிரிக்காமல் பார்க்கும் விமர்சனமே அதற்கு நியாயம் செய்யும். அருங்காட்சியகத்தில் ஒரு குவில்ட்டின் முன் நிற்கும் பார்வையாளர் அது எந்த ஓவியரை நினைவூட்டுகிறது என்று கேட்பதைவிட, இந்தத் துண்டு முன்பு என்னவாக இருந்தது, ஏன் இங்கே வைக்கப்பட்டது என்று கேட்பது பயன் தரும்.